வயிற்றில் ஊசியா, கரைத்துக் குடிக்கும் குளிசையா: தலசீமியாப் பிள்ளையின் இரும்பை இறக்க எது நல்லது?

தலசீமியா என்பது உடம்பு நல்ல இரத்தத்தை உண்டாக்க முடியாத பரம்பரை நோய், அதனால்தான் பிள்ளைக்கு இரத்தம் ஏற்றுகிறார்கள். ஏற்றுகிற ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. உடம்பு தானாகக் கழிப்பது நாளுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மூன்று, நாலு கிழமைக்கு ஒருக்கா இரத்தம் ஏற்றுகிற பிள்ளையின் உடம்பில் மிச்ச இரும்பு முழுக்கத் தங்கிவிடுகிறது. தலசீமியாவில் ஒரு வகையான ஈ வகை பீட்டா தலசீமியா நம் இலங்கையில் பரவலாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றாவிட்டாலும் குடலே சாப்பாட்டிலிருந்து இரும்பை அளவுக்கு மீறி உறிஞ்சும்.

அந்த இரும்பு ஈரலிலும் இதயத்திலும் படிவது பெற்றோருக்குத் தெரியும். மூளைக்கு அடியில் இருந்து பிள்ளையைப் பருவமடையவைக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியிலும் படிகிறது என்பது பலருக்குத் தெரியாது. பதினாலு வயதாகியும் பிள்ளைக்கு மார்பு வளராவிட்டால், "இரத்தம் குறைஞ்ச பிள்ளைதானே மகள், மெதுவாத்தான் பெரியபிள்ளையாகும்" என்று மாமிமார் ஆறுதல் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் அந்த ஆறுதலில் வருடங்கள் போய்விடும். பெண்பிள்ளைக்கு 13 வயதிலும் மார்பு வளரத் தொடங்காவிட்டால், ஆண்பிள்ளைக்கு 14 வயதிலும் விதை பெருக்காவிட்டால், அன்றே டொக்டரிடம் சொல்ல வேண்டும். இரும்பு இறக்கும் மருந்து எது என்று தெரிவு செய்யும்போதும் இதயத்தோடு சேர்த்து இந்தச் சுரப்பிகளையும் நினைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பழைய மருந்து டெஸ்ஃபெரால். உடம்பில் அரை மணித்தியாலம்கூட நின்று பிடிக்காது, அதனால்தான் சின்னப் பம்பில் பூட்டி, தோலுக்கடியில் 8 முதல் 12 மணித்தியாலம் வரை மெதுவாக ஏற்றுகிறார்கள், கிழமையில் குறைந்தது ஐந்து இரவு. குப்பிக்குள் தண்ணி விட்டு, நுரை எழும்பாமல் உருட்டிக் கரைத்து, வண்ணத்துப்பூச்சி ஊசியை வயிற்றில் குத்தி பிளாஸ்டர் ஒட்டும்போது, நேற்றுக் குத்திய இடம் இன்னும் தடித்துக் கிடக்கும். பிள்ளை சட்டையை இழுத்து மூடிக்கொள்ளும். ஐந்து இரவு மூன்றாகி, பள்ளிக்கூடச் சோதனைக் காலத்தில் ஒன்றாகிவிடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, அந்த வயிறுதான். ஒழுங்காகப் போட்டால் இது வலுவான மருந்து. ஆனால் இரும்பு குறைவாக இருக்கும்போது அளவை மீறிப் போட்டால் காதையும் கண்ணையும் தாக்கும், எலும்பின் வளர்ச்சியையும் தடுக்கும். ஆகவே பிள்ளை உயராமல் நின்றால் இரும்பை மட்டும் குற்றம் சொல்லாமல் டெஸ்ஃபெரால் அளவையும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெஃபெராசிராக்ஸ் நாளுக்கு ஒருமுறை. கரைக்கிற குளிசையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் குடிக்க வேண்டும். கிளாசின் அடியில் வெள்ளையாகத் தங்கும் மண்டியைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். மருந்தில் ஒரு பங்கு அதற்குள் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டுக் கலக்கி அதையும் குடிக்கவைக்க வேண்டும். முழுதாக விழுங்கும் பூச்சுக் குளிசையும் இருக்கிறது. இரண்டுக்கும் அளவு வேறு: கரைக்கிறதில் பிள்ளையின் நிறையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் விழுங்குவதில் 14. ஃபாமசியில் வகை மாறித் தந்தால் பழைய கணக்கிலேயே கொடுக்காதீர்கள்.

இதன் பலவீனம் சிறுநீரகம். மாதாமாதம் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனை பார்க்க வேண்டும், ஈரல் சோதனையும் வேண்டும். மாரியில் வெள்ளம் வந்து வயிற்றோட்டம் பரவும் நாட்களில் பிள்ளை சத்தியெடுத்து வரண்டு போனால் மருந்தை நிறுத்திவைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காத்தான்குடி, கல்முனைப் பக்கத்துக் குடும்பங்கள் நோன்புக்கு முன்பே டொக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, பகல் முழுக்கத் தண்ணி குடிக்காமல் இருப்பதும் இதே சிறுநீரகத்தைத்தான் தொடும்.

டெஃபெரிப்ரோன் மூன்று வேளைக் குளிசை. இதயத்து இரும்பை இறக்குவதில் இது கெட்டி. ஆனால் நூற்றில் ஒருவர் அளவில், கிருமியோடு போராடும் வெள்ளையணு திடீரென்று அடியோடு விழுந்துவிடும். தொண்டை நோவோடு காய்ச்சல் வந்தால் குளிசையை நிறுத்தி அன்றைக்கே இரத்தம் சோதிக்க வேண்டும். வாகரை, பொத்துவில் மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூரமான ஊரில் இருக்கிற குடும்பம் இதைத் தொடங்குமுன், இரவில் காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்று தீர்மானித்திருக்க வேண்டும்.

என் தெரிவைக் கேட்டால்: சிறுநீரகம் நல்லாயிருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு டெஃபெராசிராக்ஸ். டெஸ்ஃபெரால் அதைவிடக் குறைந்த மருந்து என்பதால் அல்ல, பருவம் வருமுன் ஒரு நாளும் விடாமல் போகக்கூடியது எதுவோ அதுதான் சுரப்பியைக் காக்கும் என்பதால். இதயத்தில் இரும்பு ஏறிவிட்டதென்றால் என் தெரிவு மாறும், அங்கே டெஸ்ஃபெராலும் டெஃபெரிப்ரோனும் சேர்ந்தே வேண்டும். எம்ஆர்ஐ ஸ்கேனில் டி2 ஸ்டார் என்று ஒரு எண் வரும், இரும்பு கூடக் கூட அது இறங்கும். அது 20க்குக் கீழே போனால் இதயத்தில் இரும்பு, 10க்குக் கீழே என்றால் ஆபத்து. உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் இரத்தச் சோதனையான ஃபெரிட்டின் 1000க்குள் நிற்பது நல்ல சேதிதான், ஆனாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். காய்ச்சலிலும் அது ஏறும், சுரப்பியின் நிலையை அது சொல்லாது.

கெட்டுப்போன சுரப்பி பெரும்பாலும் திரும்பாது. இரும்பை இயல்பு அளவுக்கே இறக்கிய சிலருக்கு ஓரளவு திரும்பியிருக்கிறது. திரும்பாவிட்டாலும் ஹோர்மோன் மருந்து இருக்கிறது. சூலகம் பலருக்கும் நல்லாகவே இருப்பதால், சரியான வைத்தியத்தோடு பிள்ளை பெற்ற தலசீமியாப் பெண்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பெண்பிள்ளையைப் பெற்ற வீட்டுக்கு இதை யாராவது முதலிலேயே சொல்ல வேண்டும்.

அடுத்த கிளினிக்கில் உயரத்தை அளந்து கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பத்து வயதிலிருந்து வருடா வருடம் தைரொய்ட், கல்சியம், குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கும் சீனிச் சோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் உடம்பில் ஓடுவது பாதி இன்னொருவரின் இரத்தம், அந்தக் கணக்கு சரிவராது. இங்கே கிழக்கில் முடியாத சோதனைகளுக்குக் குருநாகல் தலசீமியா நிலையத்துக்கோ ராகமைக்கோ கடிதம் கேட்டு வாங்குங்கள். பொலன்னறுவை, ஹபரணை வழியே நீளமான பஸ் பயணம்தான், என்றாலும் பத்து வயதில் போய்வருவது பதினாறில் போவதைவிட எவ்வளவோ மேல்.