மொட்டைமாடிக் கீரை: குழாயிலா, மண் தொட்டியிலா?

வேளச்சேரி வீட்டு மொட்டைமாடியில் இரண்டையும் வைத்துப் பார்த்தாயிற்று. மண் தொட்டியில் சிறுகீரை விதையைத் தூவினால் 25 நாளில் பிடுங்கலாம். ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் தாங்கிக்கொள்ளும். மண்ணே இல்லாமல், பிவிசி குழாயில் மோட்டார் ஓட்டும் சத்துக் கரைசல் நீரில் வளர்த்தால் அப்படியில்லை. கரண்ட் போய் மோட்டார் நின்றால், மே மாத வெயிலில் சில மணி நேரத்திலேயே பாலக் துவண்டுவிடும். நீர் 30 டிகிரியைத் தாண்டினால் வேர் பழுப்பாகிக் கொழகொழக்கும், நாற்றமும் வரும். போர் தண்ணீரில் உப்பு வேறு; ஆர்ஓ நீர் கலந்து, பிஎச் (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 6.5-க்குள் வைக்க வேண்டும். ஆனால் களை இல்லை, மண் ஒட்டாத கீரை, தண்ணீரும் மிச்சம். லெட்யூஸுக்குக் குழாய் சரி, அதுவும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அரைக்கீரைக்கு எதற்கு இந்த வம்பு? அது மண்ணிலேயே அறுக்க அறுக்கத் துளிர்க்கிறது.