விட்னியின் கம்பளிக் கூடம்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டச் சந்தை நகரமான விட்னிக்குச் செல்வோர், 1721-இல் கட்டப்பட்ட பிளாங்கெட் ஹால் என்ற போர்வைக் கூடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பேன். அரசி ஆன் 1711-இல் வழங்கிய பட்டயத்தால் உருவான நெசவாளர் சங்கம், விண்ட்ரஷ் ஆற்றின் விசையில் இயங்கிய ஆலைகளில் அடித்து இறுக்கப்பட்ட கம்பளிப் போர்வைகளை இங்குதான் அளந்து, எடைபோட்டு, தரம் பார்த்தது. அவை, விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் வழியே வட அமெரிக்கா வரை சென்றன. ஊரின் கடைசிப் போர்வை ஆலை 2002-இல் மூடப்பட்டது. ஆயினும் அதே கூடத்தில் இன்றும் கம்பளிப் போர்வைகள் விற்கப்படுவது எனக்கு மிகுந்த நிறைவளிக்கிறது. போர்வைகளைத் தொட்டுப் பார்த்து வாங்கியபின், முகப்பிலுள்ள ஒற்றை முள் கடிகாரத்தையும் சற்று நின்று பாருங்கள்.