ஒரே நாளில் பிளான் அப்ரூவல் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்

டெல்டா பக்கம் நகராட்சி எல்லையில் மனை வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். அப்ரூவல் செலவு என்று என்னிடம் ஒண்ணே முக்கால் லட்சம் வாங்கிக்கொண்டு ஒருவர் கொடுத்த காகிதத்தை வைத்து பேஸ்மட்டம் வரை எழுப்பினோம். இப்போது அந்தப் பேஸ்மட்டத்தில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வழக்கு போட்டிருப்பதால் ஆள் பெயர், ஊர் பெயர் எழுதவில்லை. மாயவரத்திலிருந்து மன்னார்குடி வரை எந்த ஊரிலும் ஒருத்தர் இதே வேலையைச் செய்ய முடியும். அதனால் ஊர் பெயரைவிட அவர் அதை எப்படிச் செய்தார் என்பதுதான் உங்களுக்குத் தேவை.

மனை 2013-ல் போட்ட லேஅவுட்டில் இருக்கிறது. அதற்கு முன்னால் அது நஞ்சை. அப்போது அந்த இடம் கிராம ஊராட்சி; "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லியே எல்லா மனையையும் விற்றிருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் லேஅவுட் அங்கீகாரம் ஆகிவிடாது. அது நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது நாம் டி.டி.சி.பி. என்று சொல்கிற ஆபீஸ் வழியாக வரவேண்டும். இப்படி அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு 2017-ல் வரன்முறை விதிகள், அதாவது அங்கீகாரம் இல்லாத மனையை முறைப்படுத்திக் கொடுக்கிற விதிகள் வந்தன. 20.10.2016-க்கு முன்னால் விற்பனையான மனைகளைக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். நான் வாங்கியது முதல் ஆளிடமிருந்து கைமாறிய மனை. பத்திரப் பதிவில் பிரச்சினை வரவில்லை. வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்கும் சுத்தம். வில்லங்கத்தில் அந்த நிலத்தை யார் யாருக்கு விற்றார், அடமானம் வைத்தார் என்பது வரும். அதில் வீடு கட்டலாமா என்பது வராது. இதை எனக்குச் சொன்னது வக்கீல் இல்லை, நோட்டீஸ் ஒட்ட வந்த நகரமைப்பு ஆய்வாளர்.

இனி அந்த ஆள். நகராட்சி ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். பிளான் போடுவார், வீட்டு வரிப் பெயர் மாற்றுவார், குடிநீர் இணைப்புக்கு எழுதிக் கொடுப்பார். நான் திருப்பூரில் இருக்கிறேன், ஊரில் அலைய ஆள் இல்லை என்றதும், "நீங்க வரவே வேணாண்ணே, எல்லாம் போன்லயே முடிச்சுடலாம்" என்றார். லேஅவுட் ஏற்கனவே வரன்முறை ஆகிவிட்டது, நம்பர் இருக்கிறது என்று ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார். ஆணை எண், தேதி, முத்திரை எல்லாம் இருந்தது. அந்த எண் பொய் இல்லை என்பதுதான் இதில் விசேஷம்.

வரன்முறையில் இரண்டு படி உண்டு. முதலில் லேஅவுட் முழுவதற்கும் ஒரு வரைபடத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தருவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மனைக்காரரும் தன் மனைக்குத் தனியாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, தன் பெயரில் ஆணை வாங்கவேண்டும். முதல் படியைக் காட்டி இரண்டாவது படியும் முடிந்துவிட்டதாகச் சொல்வது இவர்களுக்கு வழக்கம் போல. அதோடு நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு, பூங்காவுக்கு விட்ட இடம் இவற்றில் விழுகிற மனைக்கு வரன்முறையே கிடையாது. எவ்வளவு கட்டணம் கட்டினாலும் கிடையாது.

என்னிடம் அவர் கொடுத்த வரைபடம் ஏ4 தாளில் இருந்தது. ஒரிஜினல் மேசை அளவுத் தாள். ஜெராக்ஸ் எடுக்கும்போது தெற்கு ஓரம் "விட்டுப்போயிருக்கிறது". பின்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு (பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தரவேண்டும்) முழுத் தாளையும் வாங்கிப் பார்த்தபோது, தெற்கு வரிசையில் ஐந்து மனைகள் மேல் சாய்கோடு போட்டிருந்தது. ஓரத்தில், "வாய்க்கால் புறம்போக்கு, ஒப்புதலிலிருந்து நீக்கம்." ஐந்தில் ஒன்று என்னுடையது. என் ஜெராக்ஸில் மனை எண் இருந்தது, சாய்கோடு தொடங்குகிற இடத்துக்கு ஒரு நூல் மேலே தாள் முடிந்திருந்தது. இது தற்செயல் என்று அவர் போலீஸில் சொல்லியிருக்கிறார்.

சரி, வரன்முறை ஆகாத மனைக்கு எப்படி அப்ரூவல் வந்தது? சுயசான்று முறையில். 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த திட்டம். 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரைத்தளமும் ஒரு மாடியுமோ கட்டுகிறவர்கள் ஆன்லைனில் ஆவணங்களை ஏற்றி, கட்டணம் கட்டினால் உடனே அனுமதி வந்துவிடும். முன்கூட்டியே இடத்தைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். நல்ல திட்டம்தான், நான் அதைக் குறை சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒரு சின்ன வீட்டுக்கு மாதக்கணக்கில் நடக்கவிட்டார்கள். ஆனால் யாரும் பார்க்காமல் அனுமதி வருகிறது என்றால், ஏற்றுகிற காகிதம் சரியானதுதானா என்கிற பொறுப்பு முழுக்க விண்ணப்பிக்கிறவர் தலையில் விழுகிறது. இவர் என் மனைக்கான வரன்முறை ஆணை என்று ஏற்றியது வடக்கு வரிசையில் வேறு ஒருவருக்கு வந்த ஆணை. ஒருநாள் மதியம் ஷிஃப்டில் இருக்கும்போது போன் செய்தார். "ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்கண்ணே." சொன்னேன். சாயங்காலம் வாட்சப்பில் அப்ரூவல் வந்துவிட்டது. கியூஆர் கோடு இருந்தது. ஸ்கேன் செய்தால் அரசு தளத்திலேயே திறந்தது, என் பெயரோடு. போலி இல்லை, அரசு கொடுத்த நிஜமான அனுமதிதான். உள்ளே உள்ள உறுதிமொழிதான் பொய், அதுவும் என் பெயரில் உள்ள பொய்.

நோட்டீஸ் வந்த பிறகு அவரிடம் கேட்டபோது சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, சுயசான்றுன்னா நீங்களே குடுக்கற சான்றுண்ணே. நான் டைப் அடிச்சுக் குடுத்தேன், அவ்ளோதான்."

பணம்? வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், ஓ.எஸ்.ஆர். (பூங்கா மாதிரி திறந்தவெளிக்கான கட்டணம்) என்று பிரித்துப் பிரித்து எழுதிய துண்டுச்சீட்டு கொடுத்தார். எல்லாம் அவருடைய சொந்த ஜிபே எண்ணுக்குத்தான் போனது. அரசுக்குச் செலுத்தவேண்டிய எந்தக் கட்டணமும் தனியார் போன் நம்பருக்குப் போகாது. அது ஆன்லைனில் கட்டி, ரசீது எண்ணோடு வரும். சுயசான்றுக்கான கட்டணம் மட்டும் நிஜமாகக் கட்டியிருக்கிறார். மீதிக்கு ரசீதே இல்லை.

இதில் நகராட்சிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எல்லை விரிந்து அந்தப் பகுதி நகராட்சிக்குள் வந்ததிலிருந்து அந்த மனைக்குக் காலியிட வரி வசூலித்திருக்கிறார்கள். முந்தைய சொந்தக்காரர் அந்த ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பத்திரத்தோடு கொடுத்தார். "வரி வாங்குறாங்க இல்ல, அப்பறம் என்ன" என்று எல்லோரும் கேட்டார்கள். வரி கட்டுவதால் அங்கீகாரமோ உரிமையோ வந்துவிடாது என்று இப்போது அதே ஆபீஸில் சட்டம் சொல்கிறார்கள். சட்டப்படி அது சரி. ஆனால் வாய்க்கால் மேல் இருக்கிற மனைக்கு வருஷாவருஷம் பில் போட்டவர்களுக்கு அது வாய்க்கால் என்று ஒரு தடவைகூடத் தெரியவில்லையா என்று கேட்டால், அது வேறு பிரிவாம்.

விஷயம் வெளியே வந்தது ஐப்பசி மழையில். தெற்கே ஒட்டிய வயலில் சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது. நாங்கள் கிராவல் அடித்து பேஸ்மட்டம் ஏற்றியிருந்ததில் வடிகால் அடைந்து, தண்ணீர் போக வழியில்லாமல் பயிர் மூழ்கிக் கிடந்தது. வயல்காரப் பெரியவர் என் மனைவியிடம் சண்டைக்கு வரவில்லை. "ஏம்மா, இது கன்னி வாய்க்கா. எட்டு மா நெலம் இதுலதான் வடியுது. ஒங்களுக்கு வித்தவன் சொல்லலயா?" என்று கேட்டுவிட்டு, நேராகத் தாசில்தார் ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்துவிட்டார். அவர் செய்தது முழுக்க நியாயம். சர்வேயர் வந்து அளந்ததில் மனையின் தெற்குப் பக்கம் எட்டு அடி அகலம் வாய்க்கால் புறம்போக்கு.

மனையை எனக்குக் காட்டியது வைகாசியில். அந்த ஓரத்தில் ஒரு பள்ளம், அதில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரம் மண்டிக் கிடந்தது, நடுவில் பிளாஸ்டிக் குப்பை. மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது. இடைப்பட்ட மாதங்களில் டெல்டாவில் பாதி வாய்க்கால் தெரு ஓரப் பள்ளம் மாதிரிதான் இருக்கும். மனை புரோக்கர்களுக்குச் சித்திரையும் வைகாசியும் சீசன் ஏன் என்பதற்குக் கல்யாண முகூர்த்தம் மட்டும் காரணமில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கார்த்திகையில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். செருப்பு நனைகிற இடத்தை யாரும் காகிதத்தில் மறைக்க முடியாது.

காகிதத்திலும் அது இருக்கத்தான் செய்தது. மூலப்பத்திரத்தில் சக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு எல்லையைப் படித்தால், "வாய்க்காலுக்கு வடக்கு" என்று 1978-ல் எழுதியிருக்கிறார்கள். லேஅவுட்காரர் 2013-ல் எழுதிக்கொடுத்த பத்திரத்தில் அதே எல்லை "காலி இடத்துக்கு வடக்கு" ஆகிவிட்டது. வங்கியின் பேனல் வக்கீல் இரண்டு பத்திரத்தையும் பார்த்துத்தான் ஒப்பீனியன் கொடுத்தார், கட்டணமும் வாங்கினார். நான்கு எல்லையை அருகருகே வைத்துப் பார்க்கிற வேலையை அவர் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள். வக்கீல் தேவையில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

அதேபோல் அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்கிற பதிவு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மூன்றையும் செலவில்லாமல் பார்க்கலாம். எல்லோரும் பட்டாவோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்டாவில் உங்கள் சர்வே எண் மட்டும்தான் வரும். பக்கத்து சர்வே எண்ணை அ-பதிவேட்டில் போட்டுப் பார்த்தால்தான் அது "அரசு புறம்போக்கு, வாய்க்கால்" என்று காட்டும். புலப்படத்தில் வாய்க்கால் தனியாக வரைந்திருக்கும். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு லேஅவுட் படத்தின் முழுத் தாளைக் கேளுங்கள். முழுத் தாள் இல்லை, ஜெராக்ஸ்தான் இருக்கிறது என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வரன்முறை ஆணையில் உங்கள் மனை எண்ணும் சர்வே உட்பிரிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். லேஅவுட்டின் பெயர் மட்டும் இருந்தால் அது முதல் படி. சுயசான்று விண்ணப்பத்தை உங்கள் லாகினில், உங்கள் கையாலேயே போடுங்கள், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து என்னென்ன ஏற்றுகிறார்கள் என்று பார்த்த பிறகு ஓ.டி.பி. சொல்லுங்கள்.

இப்போதைய நிலை: தவறான விவரம் கொடுத்ததாக அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். எட்டு அடியை நாங்களே எடுத்துவிட்டு வாய்க்காலைத் திறந்துவிட்டோம், தண்ணீர் வடிகிறது. மீதி இடத்துக்குப் புதிதாக வரன்முறைக்கு மனு கொடுத்திருக்கிறோம். மனையே ஒப்புதலிலிருந்து நீக்கப்பட்டது என்பதால் அது கிடைக்கும் என்று ஆபீஸில் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. வங்கி இரண்டாவது தவணையை நிறுத்திவிட்டது, முதல் தவணைக்கு வட்டி ஓடுகிறது. மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் இருக்கிறது. பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனியாகப் போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கோர்ட் ஃபீஸ் கிடையாது, வக்கீல் வைக்காமலும் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். ஜிபே வரிசையும் வாட்சப் பேச்சும்தான் எங்கள் பக்கத்து ஆதாரம். அழிக்காமல் வைத்திருந்தது என் மனைவி.

அவர் மேசை இன்னும் அதே ஜெராக்ஸ் கடைப் பக்கம்தான் இருக்கிறது. தெற்கு வரிசையில் மீதி நான்கு மனைக்காரர்களில் இரண்டு பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள், ஒருவருக்கு அவரே பிளான் போட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டோம். வேறு ஊரில் இதே மாதிரி லேஅவுட்டில் இருப்பவர்கள் கேட்டால் நான் போட்ட ஆர்.டி.ஐ. மனுவின் நகலை அனுப்புகிறேன். ஊர், சர்வே எண், லேஅவுட் ஒப்புதல் எண் மூன்றையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். "வரைபடத்தின் முழு அளவு நகல்" என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.