ஃபால்கன் 9 ஏவுசேவையும் குவின் ஷாட்வெல்லும்

செயற்கைக்கோளை விண்ணில் ஏவித் தரும் ஸ்பேஸ்எக்ஸின் சேவை என்றதும் ஈலான் மஸ்கின் பெயரே முதலில் நினைவுக்கு வந்தாலும், அதை வாடிக்கையாளர்கள் நம்பி வாங்கும் சேவையாக வளர்த்தவர் குவின் ஷாட்வெல் என்றே நான் கருதுகிறேன். பள்ளிப் பருவத்தில் தாயுடன் சென்ற ஒரு கூட்டத்தில் கண்ட பெண் பொறியாளரின் நேர்த்தியான உடையும் காலணியும்தான் அவரை இயந்திரப் பொறியியலின் பக்கம் ஈர்த்தன. 2002இல் வணிக மேம்பாட்டுத் துணைத் தலைவராக அவர் சேர்ந்தபோது, பறந்து காட்டிய ராக்கெட் ஒன்றுகூட அந்நிறுவனத்திடம் இல்லை. மூன்று முறை தோற்ற அதன் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1, 2008 செப்டம்பரில்தான் சுற்றுப்பாதையை எட்டியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே, விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுசெல்ல 12 பயணங்களுக்கான 160 கோடி டாலர் ஒப்பந்தத்தை நாசா அளித்தது. பொறியாளரான ஷாட்வெல்லே நேரில் அமர்ந்து பேசி விற்றதன் பலன் இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பின்னர் வந்த ஃபால்கன் 9 ராக்கெட் சேவையின் பெரும் சிறப்பு, ராக்கெட்டின் அடிப்பகுதியான முதற்கட்டம் தரையிறங்கி மீண்டும் பறப்பதால் கிடைக்கும் சிக்கனமும் அடிக்கடி ஏவும் வசதியும் ஆகும். நமது எல்விஎம்3 ராக்கெட்டின் திறனுக்கு மிஞ்சிய, 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-20 தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை 2024 நவம்பரில் ஏவியதும் ஃபால்கன் 9தான். ஆனால், பல வாடிக்கையாளர்கள் ஒரே ராக்கெட்டைப் பகிர்ந்துகொள்ளும் பயணத்தில் சிறிய செயற்கைக்கோள்கள் தமக்கு வேண்டிய பாதையைத் தாமே தேர்ந்தெடுக்க இயலாது என்பது உண்மையான குறையே.