ஹெரால்டா, பத்மினியா, அம்பாசிடரா: பத்து வருட வேலைக்கு எந்த வண்டி?

பழைய கார் ஒன்றை வாங்கி மெதுவாகச் சரிசெய்ய ஆசைப்படுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எஞ்சின் எப்படி?" என்றுதான். நான் எஞ்சினைக் கடைசியில்தான் பார்ப்பேன். இறக்கி லேத்தில் கொடுத்தால் அது சரியாகி வந்துவிடும். வருடக்கணக்கில் ஆளையும் பணத்தையும் தின்பது தகரம். அதனால் இந்த மூன்று வண்டிகளையும் தகரத்தில் இருந்தே தொடங்குகிறேன். என் ஹெரால்டோடு பதினோரு வருடம் ஆகிறது. மற்ற இரண்டும் நண்பர்களுடையவை, அவற்றிலும் கை வைத்திருக்கிறேன்.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. இத்தாலியரான மிக்கெலாட்டி வடிவமைத்து, 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் பெயரில் வந்தது. 1961 முதல் சென்னையை ஒட்டிய வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகச் செய்தார்கள். எஞ்சின் 948 சி.சி.தான். ஆனால் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) தனி, பாடி தனி. பாடியும் ஒரே கூடு இல்லை, துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்தது. இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்தால் பானெட், மட்கார்டும் ஹெட்லைட்டுமாகச் சேர்ந்து முன்பக்கம் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றலாம்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து வேலை பார்ப்பவருக்கு இது பெரிய வரம். ஒரு வருடம் வண்டியின் பின்பாதியை மட்டும் கழற்றி டிங்கரிங்குக்கு அனுப்பினேன். மீதி வண்டி தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாக நின்றது. போனஸ் நன்றாக வந்த வருடம் பானெட். நடுவில் இரண்டு வருடம் ஒன்றுமே செய்யவில்லை, அதனால் எதுவும் கெட்டுப்போகவும் இல்லை.

ஹெரால்டில் உயிருக்கே ஆபத்தான இடம் ஒன்று உண்டு: ட்ரன்னியன். முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்பு, கீழே ஒரு வெண்கலத் துண்டுக்குள் மரையில் உட்கார்ந்திருக்கும். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் உள்ளேயே கெட்டியாகி மரையைச் சரியாக எட்டாது. தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் திருப்பத்தில் இரும்பு முறிந்து சக்கரம் மடங்கும். என் வண்டிக்கு முன்பு பார்த்த ஒர்க்‌ஷாப்பில் கிரீஸைத்தான் திணித்திருந்தார்கள். வண்டலூர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்து பார்த்தார். "தம்பி, அந்த கிரீஸ் கன்னை முதல்ல உள்ள வெச்சிட்டு வாங்க" என்றார். அப்புறம் மண்ணெண்ணெயும் மெல்லிய கம்பியுமாக ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து அந்த மரையைச் சுத்தம் செய்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஸ்பேர் விஷயத்தில் ஹெரால்டு கஷ்டம்தான். ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் போன்ற வண்டிகளோடு பல பாகங்கள் பொது என்பதால் இங்கிலாந்தில் இன்றும் நிறையக் கிடைக்கும். ஆனால் நான்கு கதவு மார்க் 3 நம் நாட்டில் மட்டும் செய்தது. அதன் பின்கதவுக்கு லண்டனிலும் வழி இல்லை. எனக்கு ஒரு கதவு கிடைத்தது, சேலத்தில் இன்னொரு ஹெரால்டுக்காரர் வீட்டுப் பரணில் இருந்து.

பத்மினிக்கு வருவோம். மும்பை குர்லாவில் பிரீமியர் தொழிற்சாலை 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்று கொண்டுவந்த அதே கார்தான் 1974 முதல் பத்மினி ஆனது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங் ஓரத்திலேயே கியர். மூன்றில் ஓட்ட இனிமையானது இதுதான் என்பேன். ஆனால் இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, கூடே எல்லாவற்றையும் தாங்குகிறது. தரைத்தகடும் கதவுக்குக் கீழ்ப்பட்டையும் துருப்பிடித்தால், கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வெல்டு வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் கூடு தொய்ந்து கதவு மூடாது. பாதியில் நிறுத்தவும் முடியாது. வாங்கப் போகும்போது ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடமெல்லாம் துருவை மறைக்கப் பூசிய பட்டி. நண்பர் வாங்க இருந்த வண்டியில் காந்தம் கதவுக்குக் கீழே ஒரு சாண் நீளம் எங்குமே ஒட்டவில்லை. விட்டுவிட்டு வந்தோம்.

பத்மினி ஸ்பேருக்கு மும்பை டாக்சிகள்தான் பெரிய ஆதாரமாக இருந்தன. கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. வேண்டியதை இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

அம்பாசிடர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொல்கத்தா அருகே உத்தரபாராவில் 2014 வரை செய்தார்கள். அதனால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் ஸ்பேர் பெரும்பாலும் கிடைத்துவிடும். கூடுதான் பாடி என்றாலும் தகரம் தடிமன். குடும்பத்தோடு திருவண்ணாமலை போய்வர வேண்டும் என்றால் இதுவே போதும். ஒரே எச்சரிக்கை: பழைய மாடல்களான மார்க் 1, மார்க் 2 வைத்திருப்பவர்கள், கைக்குக் கிடைக்கிறதே என்று பிந்தைய மாடல் கிரில்லையும் டேஷ்போர்டையும் மாட்டிவிடாதீர்கள், வண்டியின் அசல் தோற்றம் போய்விடும். எந்தப் பாகத்தையும் விஷயம் தெரிந்த ஒரு அம்பாசிடர்க்காரரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

எந்த வண்டியானாலும் முதலில் ஆர்.சி. புத்தகம். 2021 விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 வருடம் தாண்டிய, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை 20,000 ரூபாய் கட்டி விண்டேஜாகப் பதியலாம். 'வி.ஏ.' எழுத்தோடு நம்பர் வரும், 10 வருடம் செல்லும். ஆனால் அதை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். போக ஆசை இருந்தால், எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து சாதாரணப் பதிவையே புதுப்பித்து வாருங்கள்.

உடனே ஓட்ட வேண்டும் என்பவருக்கு அம்பாசிடர். துருப்பிடிக்காத கூடு கண்ணில் பட்டால் மட்டும் பத்மினி. வாசலில் இடமும், சொல்லிக்கொடுக்க நாலு பேரும், பத்து வருடப் பொறுமையும் இருப்பவருக்கு நான் ஹெரால்டைத்தான் சொல்வேன். என் வண்டியில் இப்போது பாக்கி இருப்பது பின்கதவு ரப்பர் மட்டும். மார்க் 3-க்குப் பொருந்துவது யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள், நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.