பஞ்சிங் பேக் சீலிங் செட்: தகடு சரி, போல்ட்டை மாற்றுங்கள்

கார் ஷெட்டில் பஞ்சிங் பேக் மாட்ட ஆன்லைனில் பல பெயர்களில் ஒரே சாயலில் விற்கும் நாலு ஓட்டைத் தகட்டு செட் இது. 5 மி.மீ. தகடு, அதில் வெல்டு செய்த கொக்கி, ஸ்பிரிங், சங்கிலி முறுக்காமல் பையைச் சுழலவிடும் ஸ்விவல், பையை மாட்டும் கிளிப் வளையமான கேரபினர், கான்கிரீட்டில் இறக்கும் நாலு ஆங்கர் போல்ட். தகடும் ஸ்பிரிங்கும் 30, 35 கிலோ பைக்குத் தாராளம். பெரிய சிக்கல் போல்ட்டில்தான்.

செட்டில் வருவது 50 மி.மீ. போல்ட். தகட்டுக்கு 5, வாஷருக்கும் நட்டுக்கும் 10, சீலிங் பூச்சுக்கு 12 கழித்தால் கான்கிரீட்டுக்குள் போவது 23 மி.மீ. மட்டுமே. சும்மா தொங்கும் எடையை அது தாங்கலாம்; ஒவ்வொரு குத்துக்கும் பக்கவாட்டில் இழுபடும் எடையைத் தாங்காது. ஹார்டுவேர் கடையில் 12x75 சிலீவ் ஆங்கர் (12 மி.மீ. தடிமன், 75 மி.மீ. நீளம்; முடுக்கினால் வெளி உறை விரிந்து கான்கிரீட்டைப் பிடிக்கும்) நாலு வாங்குங்கள். உறைக்குள் இருப்பது எம்10, அதாவது 10 மி.மீ. போல்ட். தகட்டின் ஓட்டைக்குள் நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

பூச்சின் மேலேயே தகட்டை வைத்து முடுக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. அதிர்வில் பூச்சு நொறுங்கும், நட்டு தளரும். தகட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பூச்சைக் கொத்தி எடுத்து, கான்கிரீட்டில் நேராகத் தகட்டைப் படியவையுங்கள். ஹேமர் டிரில்லில் 12 மி.மீ. பிட், 70 மி.மீ. ஆழம். பிட்டில் டேப் சுற்றி அளவு வைத்துக்கொண்டால் மொட்டைமாடி வரை துளைத்துவிடும் பயமில்லை. ஓட்டைத் தூசியை ஊதி எடுக்காவிட்டால் சிலீவ் விரிந்தும் பிடிக்காது. பிட் கம்பியில் முட்டினால் அறுக்க வேண்டாம். தகட்டையே இரண்டு அங்குலம் நகர்த்துங்கள். தட்டினால் டொக் டொக்கென்று பொள்ளலாகக் கேட்கும் இடத்திலும், துருக்கறை தெரியும் இடத்திலும் டிரில்லை வைக்கவே கூடாது.

நட்டை முடுக்கிய பிறகு நட்டிலும் தகட்டிலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். முதல் வாரத்தில் கோடு விலகியிருந்தால் நட்டு திரும்புகிறது என்று அர்த்தம்.

எடை அளவு பொறிக்காத அந்தக் கேரபினருக்குப் பதில் 8 மி.மீ. டி ஷேக்கிள் (குறுக்கு ஆணியால் மூடும் டி வடிவ வளையம்) போடுங்கள். அந்தக் குறுக்கு ஆணி கழலாமல் கட்டுக்கம்பியால் கட்டிவிடுங்கள். ஸ்விவல் சுமார்தான். எண்ணெய் போட்டும் கீச்சிட்டால் பேரிங் வைத்தது வாங்கலாம். கடலோர ஊர் என்றால் எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்பிரிங் அறுந்தாலும் பை விழாதபடி தகட்டிலிருந்து பைச் சங்கிலிக்குத் தளர்வாக ஒரு தனிச் சங்கிலி அவசியம்; அது செட்டில் வருவதில்லை.

ஃபேன் கொக்கி இருக்கிறதே என்பவர்களுக்கு: அது நாலைந்து கிலோ ஃபேனுக்காகப் போட்டது. பழைய வீடு என்றால் சிலாப்புக்குள் எவ்வளவு துரு தின்றிருக்கிறது என்று வெளியே தெரியாது.

பையைச் சுற்றி மூன்றடி காலியிடம் வேண்டும், கார் நிற்கும் பக்கத்தில் இன்னும் கொஞ்சம். வெற்றுப் பை வாங்கியிருந்தால் மணல் நிரப்பாதீர்கள். மணல் அடியில் இறங்கிக் கல்லாகும். மணிக்கட்டும் போகும், சீலிங்குக்கும் வீண் சுமை. திருப்பூர் பனியன் வேஸ்ட் போதும்.

ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை ஷெட்டுக்கு இந்த செட் உதவாது. கூரையைத் தாங்கும் பைப்பில் கட்டி ஆட்டினால் ஷீட் விரிசல் விடும். அங்கே தரையில் நிற்கும் ஸ்டாண்ட் வாங்குவதே சரி.