அலாய் வீலின் உட்புறம்: எந்த பிரஷ் எதுவரை போகும்?

வீலைக் கழுவிவிட்டோம் என்று சொல்லும்போது, பெரும்பாலும் கழுவியிருப்பது அதன் வெளிமுகத்தை மட்டும்தான். ஸ்போக்குக்குப் பின்னால் விரலை விட்டு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மை மாதிரி ஒட்டும். அதில் ரோட்டுத் தூசி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பிரேக் பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசித் தேய்ந்து, சூட்டோடு பறந்து வந்து படியும் துகள். அதில் இரும்பு இருப்பதால் ஈரம் பட்டதும் துருப்பிடித்து, வீலின் பெயிண்டோடு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம் உள்ள வண்டிகளில் முன்வீல்கள் சீக்கிரம் கறுப்பதற்குக் காரணமும் இதுதான். பிரேக்கின் பாரம் பெரும்பாலும் முன்னால் விழுகிறது. பின்னால் வருகிற தூசி டிரம்முக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

பிரஷ் வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வீல் நன்றாக ஆறியபின், ஸ்போக்கின் பின்புறத்துக்கும் பிரேக் காலிப்பருக்கும் (பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். பல வண்டிகளில் அங்கே இடுக்கு மிகக் குறைவு. கடையில் பார்க்க அழகாக இருக்கும் தடிமனான பிரஷ், அந்த இடத்தில் பாதியிலேயே சிக்கி நின்றுவிடும்.

மலிவாகக் கிடைப்பது, நடுவில் முறுக்குக் கம்பியும் சுற்றிலும் நைலான் முள்ளும் உள்ள நீள பிரஷ். கம்பி வளைந்து கொடுப்பதால் ஸ்போக்கைச் சுற்றி உள்ளே விடலாம். காய்ந்த செம்மண் சேற்றைப் பெயர்ப்பதில் இதுதான் கெட்டி. ஆனால் நுனியில் ரப்பர் மூடி இல்லாததை வாங்கவே வேண்டாம். கம்பி ரிம்மைக் கீறிவிடும். ரப்பர் இருந்தாலும் அது தேய்ந்து கம்பி வெளியே தெரிகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். வெளியே இழுக்கும்போது முட்கள் விடுபட்டுக் கறுப்புத் தண்ணீரை முகத்தில் அடிக்கும் என்பதால், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு நேர் போட்டி, கம்பியே இல்லாத பாலிபுரோப்பிலீன் இழை பிரஷ். வீல் வூலீஸ் என்ற பெயரில் பரவலாகத் தெரிந்தது இந்த வகைதான். பஞ்சு போலத் தெரிந்தாலும் தண்ணீரைக் குடிக்காது. அலசினால் அழுக்கு உடனே விட்டுப் போகும். விலை கூடுதல்தான், ஆனால் பல வருஷம் உழைக்கும். உட்புறச் சுவரை முன்னும் பின்னும் தேய்க்க இதைவிட நல்லதை நான் சொல்ல மாட்டேன். கனமான சேற்றுக்கு மட்டும் இது பத்தாது.

மைக்ரோஃபைபர் சுற்றிய தட்டைக் குச்சி மூன்றாவது. குறுகிய இடுக்கில் மற்ற இரண்டும் தோற்கும்போது இது நுழைந்துவிடும். சிக்கல் என்னவென்றால், மணலையும் இரும்புத் துகளையும் அது தன் இழைக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சரியாக அலசாமல் அடுத்த வீலுக்குப் போனால், அந்த மணலை வைத்தே தேய்த்ததாகிவிடும். அதே துணியால் வண்டியின் பாடியைத் தொடவே கூடாது.

நட்டுக் குழி, வால்வைச் சுற்றிய இடம், நடு மூடியின் விளிம்பு இவற்றுக்குப் பெரிய பிரஷ் எதுவும் ஆகாது. பழைய டூத் பிரஷ் போதும்.

பிரஷர் வாஷர் இருந்தால் பிரஷ்ஷே வேண்டாம் என்பவர்கள் உண்டு. தண்ணீர் எல்லா இடத்துக்கும் போகும் என்பது உண்மை, சேறும் போய்விடும். ஒட்டிப்போன பிரேக் படலம் மட்டும் அப்படியே இருக்கும், காய்ந்ததும் தெரியும். முனையை டயரின் பக்கச்சுவருக்கு ஒட்டிப் பிடித்தால் ரப்பருக்கும் கேடு.

அந்தப் படலத்துக்குத்தான் அயர்ன் ரிமூவர். அதில் உள்ள தயோகிளைகோலேட் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாகி வழியும். முடி சுருட்டும் லோஷனிலும் இதே வகை ரசாயனம் இருப்பதால் நாற்றமும் அதே நாற்றம்தான். முதலில் சேற்றைக் கழுவிவிட்டுத் தெளித்தால்தான் இரும்பைப் போய்ச் சேரும். நிழலில், ஆறிய வீலில் தெளித்து, காய்வதற்குள் பிரஷ்ஷால் தேய்த்து அலச வேண்டும். சில வாட்டர் வாஷ் கடைகளில் இதற்குப் பதிலாக ஆசிட் ஊற்றுகிறார்கள். பளிச்சென்று ஆகும், மறுக்கவில்லை. ஆனால் மேல்பூச்சு எங்காவது பெயர்ந்திருந்தால் ஆசிட் நேராக அலுமினியத்தைத் தின்னும். முகப்பை மெஷினில் சீவிப் பளபளப்பாக்கிய டைமண்ட் கட் வீலில் அந்தச் சேதத்தைச் சரிசெய்வது பெரிய செலவு. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

எந்தப் பிரஷ் வாங்கினாலும் காலிப்பருக்குப் பின்னால் ரிம்மின் கடைசி விளிம்பு முழுதாகச் சுத்தமாகாது. வீலைக் கழற்றினால்தான் ஆகும். அதற்காகத் தனியாக ஜாக்கி போட வேண்டியதில்லை. டயர்களை இடம் மாற்றிப் போடும் ரொட்டேஷனுக்கு எப்படியும் நாலு வீலும் கழலும். அன்றைக்கு, பேலன்சிங் மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே உட்புறத்தைக் கழுவிவிடச் சொல்லுங்கள். இதை அழகுக்காகச் சொல்லவில்லை. உள்ளே ஒரு பக்கம் மட்டும் கட்டியாகச் சேறு காய்ந்திருந்தால் வேகத்தில் ஸ்டியரிங் உதறும். அந்தச் சேற்றோடு பேலன்ஸ் பார்த்தால், அது உதிர்ந்த அன்றே கணக்கு தப்பிவிடும். பேலன்ஸுக்காக ரிம்மின் உள்ளே ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன எடைத் துண்டுகளை அழுக்கு என்று நினைத்துப் பெயர்த்துவிடவும் கூடாது.

வீட்டுக்கு என்று கேட்டால் என் தேர்வு: இடுக்குக்கு ஏற்ற தடிமனில் ஒரு பாலிபுரோப்பிலீன் பிரஷ், ஒரு டூத் பிரஷ், வருஷத்துக்கு மூன்று நாலு முறை அயர்ன் ரிமூவர். வாராவாரம் கார் ஷாம்பு தண்ணீர் போதும். காலிப்பர் மறைக்கும் பகுதிக்கு, வண்டியை அரைச் சுற்று உருட்டி நிறுத்திவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். டயர் பாலிஷ் போடுவதாக இருந்தால் துணியில் எடுத்துத் தடவுங்கள். ஸ்பிரே அடித்தால் டிஸ்க்கில் தெறித்து பிரேக் வழுக்கும். எல்லாம் முடிந்ததும் வண்டியைத் தெருவில் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்து டிஸ்க்கை உலர்த்திவிட்டு நிறுத்துங்கள்.